கணக்கு என்றாலே ஓடும் பிள்ளையோடு ஒரு வருஷம்

"உங்க பொண்ணா? அப்ப கணக்குல சொல்லவே வேண்டாம்!" வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிற நம்மில் பலர் இதைக் கேட்டிருப்போம். பக்கத்து வீட்டுக்காரர் அப்படி நினைக்கிறார். வகுப்பில் கூடப் படிக்கிற பிள்ளைகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சனிக்கிழமை விருந்துகளில் நாமும் அதையே பேசிக்கொள்கிறோம். யார் பிள்ளை எந்தப் பயிற்சி வகுப்பில் எத்தனை லெவல் தாண்டியிருக்கிறது, யார் ஒரு வகுப்பு மேலே போய்ப் படிக்கிறார்கள் என்று.

இந்தப் பேச்சுக்கு நடுவே கணக்கு வராத ஒரு பிள்ளையும் தட்டில் கேசரியோடு உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு வராவிட்டால் ஒரு பாடம் வரவில்லை, அவ்வளவுதான். நம் வீட்டுப் பிள்ளைக்கு வராவிட்டால் 'எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் ஏதோ குறை' என்ற எண்ணமும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

எங்கள் மகளுக்கு அது எட்டு வயதில் வந்தது. மூன்றாம் வகுப்பு தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. "நான் மேத் பெர்சன் இல்லம்மா" என்றாள். அழவில்லை, கோபப்படவில்லை. 'எனக்குக் கத்திரிக்காய் பிடிக்காது' என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அழுகிற பிள்ளை இன்னும் முயற்சி செய்துகொண்டிருக்கிறது. இவள் முடிவே கட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் நாங்கள் வீட்டில் என்ன செய்தோம், எது வேலை செய்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். ஆனால் இதில் உள்ள எதற்கும் ஊர் வித்தியாசம் கிடையாது. செலவும் பெரிதாகக் கிடையாது.

முதலில், எங்கே இடிக்கிறது?

நான் மென்பொருள் எழுதுகிறவள். ஒரு புரோகிராம் தப்பான விடை கொடுத்தால் நாங்கள் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி எழுத மாட்டோம். எந்த வரியில் தப்பு ஆரம்பிக்கிறது என்று தேடுவோம். பிள்ளை விஷயத்திலும் அதுவே முதல் வேலை. 'கணக்கு பிடிக்கலை' என்பதற்குப் பின்னால் குறைந்தது மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம். எங்கேயோ பழைய பாடத்தில் ஒரு ஓட்டை இருக்கலாம். அவசரப்படுத்துவதால் பயம் வந்திருக்கலாம். அல்லது 'இதை எதுக்குச் செய்யணும்?' என்பது புரியாமல் சலிப்பு தட்டியிருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: "எப்படி யோசிச்ச?" இதைத் தப்பான விடைக்கு மட்டும் கேட்டால் பிள்ளை உஷாராகிவிடும். சரியான விடைக்கும் கேட்க வேண்டும். ஒருநாள் ஏழு எட்டு எவ்வளவு என்றதற்கு 55 என்றாள். எப்படி யோசித்தாய் என்றேன். "ஏழேழு 49. இன்னொரு ஏழு கூட்டணும். ஒண்ணு போட்டா 50. மீதி அஞ்சுதானே?" என்றாள். பாருங்கள், வழி முழுக்கச் சரி. கடைசிப் படியில் ஆறு என்பதற்குப் பதில் ஐந்து என்றுவிட்டாள். பள்ளித் தாளில் இதற்கு ஒரு சிவப்புக் கோடு விழும். கேட்டுப் பார்த்தால்தான் இந்தப் பிள்ளைக்கு யோசிக்கத் தெரிகிறது என்பதே தெரியும்.

இரண்டு வாரம் இப்படிக் கேட்டதில் எங்களுக்கு இரண்டு விஷயங்கள் பிடிபட்டன. ஒன்று, எட்டும் ஐந்தும் கூட்ட அவள் இன்னும் ஒன்றிலிருந்து விரலை எண்ணினாள். எட்டைப் பத்தாக்க இரண்டு வேண்டும், ஐந்திலிருந்து இரண்டு எடுத்தால் மீதி மூன்று, ஆகப் பதின்மூன்று என்று பத்து வழியாகப் போகும் பழக்கம் அவளிடம் இல்லை. இரண்டு, பள்ளியில் வாரா வாரம் ஒரு நிமிஷத் தாள் உண்டு. மணி அடித்ததும் தலைகுனிந்து எழுத வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்ததும் அவளுக்கு மறந்துபோயிற்று.

இதற்கு விளக்கம் இருக்கிறது. மனக்கணக்கு போடும்போது நடுவில் வரும் எண்களைத் தாங்கிப் பிடிக்க மூளையில் ஒரு தற்காலிக இடம் வேண்டும். கவலையும் அதே இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. கம்ப்யூட்டரில் பின்னணியில் ஒரு பெரிய புரோகிராம் ஓடி ரேம் முழுவதையும் தின்றால் மற்றதெல்லாம் திணறுமே, அப்படித்தான். வகுப்பு ஆசிரியரிடம் போய்ப் பேசினேன். நேரம் குறிக்காமல் அதே தாளைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று அவரே சொன்னார். கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் இசைந்து வருவார்கள். கேட்கத் தயங்காதீர்கள்.

தாயக்கட்டை சொன்ன ரகசியம்

அந்தச் சமயத்தில்தான் என் அம்மா ஆறு மாதம் தங்க வந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்த பெட்டியில் மிளகாய் வற்றலுக்கு நடுவே ஒரு ஜோடிப் பித்தளைத் தாயக்கட்டையும் ஒரு பல்லாங்குழியும் இருந்தன. "ஏட்டி, வா. ஒரு கட்டம் போட்டு விளையாடுவோம்" என்று பேத்தியைக் கூப்பிட்டார். அவர் கணக்குச் சொல்லிக் கொடுக்க நினைக்கவே இல்லை. பொழுது போகவேண்டும், அவ்வளவுதான்.

தாயம் ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு நீளக் கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம். ஒரு பக்கம் வெறுமை, மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் சேர்த்து உருட்டிக் கூட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் தாயம். காயை உள்ளே இறக்கவே தாயம் விழ வேண்டும். இரண்டுமே வெறுமையாக விழுந்தால் பூஜ்யம் இல்லை, 12. தாயம், 5, 6, 12 விழுந்தால் இன்னொரு முறை உருட்டலாம். 2, 3, 4 விழுந்தால் கட்டை எதிராளி கைக்குப் போய்விடும். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும். எங்கள் ஆச்சி வீட்டு விதி இது.

மூன்றாம் நாள் மகள் சிணுங்கினாள். "எனக்குத் தாயமே விழ மாட்டேங்குது. இந்தக் கட்டை சீட்டிங்!"

"அப்படியா? எண்ணித்தான் பாப்போமே" என்றேன். ஒரு தாளில் எண்களை எழுதிக்கொண்டு நூறு தடவை உருட்டினாள். ஒவ்வொரு முறையும் கோடு போட்டாள். எந்த வீட்டுப்பாடத்துக்கும் பத்து நிமிஷம் உட்காராத பிள்ளை, முக்கால் மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். மூன்றுக்கு 27 கோடு. பன்னிரண்டுக்கு 5.

"ஏன் இப்படி?" என்று அவளே கேட்டாள். அதன்பிறகு நான்குக்கு நான்கு கட்டம் ஒன்று வரைந்தோம். மேலே ஒரு கட்டையின் நான்கு பக்கம், இடப்புறம் மற்றதன் நான்கு பக்கம். மொத்தம் 16 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் கூட்டுத்தொகையை நிரப்பினாள். மூன்று நான்கு இடத்தில் வந்தது. இரண்டும் நான்கும் மூன்று மூன்று இடத்தில். தாயம் இரண்டு, ஐந்து இரண்டு. ஆறு ஒரே இடம். பன்னிரண்டும் ஒரே இடம்.

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆச்சியிடம் ஓடினாள். "ஆச்சி! எது கஷ்டமோ அதுக்குத்தான் இன்னொரு சான்ஸ் குடுக்குறாங்க!"

அதேதான். 16 வழிகளில் 10 வழி 2, 3, 4-க்குப் போய்விடுகிறது. அவற்றுக்குப் பரிசு இல்லை. மீதி 6 வழிகளில் வரும் அபூர்வமான எண்களுக்குத்தான் மறுஉருட்டல். இந்த விதியை யார் எப்போது வகுத்தார்களோ, எது அடிக்கடி விழும், எது அரிதாக விழும் என்று கவனித்துத்தான் வகுத்திருக்கிறார்கள். நிகழ்தகவு என்ற சொல்லை நான் அன்று சொல்லவில்லை. அது பாடப்புத்தகத்தில் வரும்போது அவளுக்குப் பழைய நண்பனைப் பார்த்ததுபோல இருக்கும்.

எங்களுக்கு அன்று ஒன்று புரிந்தது. பிள்ளைக்குக் கணக்கு எப்போது சுவைக்கிறது என்றால், அவள் விடையால் ஏதோ ஒன்று தீர்மானமாகும்போது. யார் ஜெயிப்பது, எத்தனை கப் ஊறவைப்பது, எப்போது போன் போடுவது. தாளில் எழுதிய விடையால் ஒன்றும் தீர்மானமாவதில்லை. ஆசிரியருக்கு அந்த விடை ஏற்கெனவே தெரியும். இதை வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லாவற்றையும் செய்தோம்.

பாம்பு ஏணியில் ஒரு சின்ன மாற்றம்

உங்கள் பிள்ளை இன்னும் சின்னது, நான்கு முதல் ஏழு வயதுக்குள் என்றால் பாம்பு ஏணியிலிருந்து தொடங்குங்கள். கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களின் மழலையர் பள்ளிக் குழந்தைகளோடு, 1 முதல் 10 வரை வரிசையாக எண் எழுதிய ஒரு பலகையில் விளையாடினார்கள். 15-20 நிமிஷ ஆட்டம், இரண்டு வாரத்தில் நான்கே முறை. எண்களை ஒப்பிடுவதிலும் எண்ணுவதிலும் அந்தக் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் இருந்தது. எண்ணுக்குப் பதிலாக நிறம் பூசிய பலகையில் ஆடிய குழந்தைகளிடம் அது இல்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 25-இல் நிற்கிற காய்க்கு 4 விழுந்தால் நம் பிள்ளைகள் "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ணித்தான் நகர்த்தும். அதற்குப் பதிலாக "26, 27, 28, 29" என்று சொல்லி நகர்த்தச் சொல்லுங்கள். 2014-இல் சீக்லரும் எலிடா லாஸ்கியும் நூறு கட்டப் பலகையில் இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். கட்டத்தில் இருக்கிற எண்ணைச் சொல்லி நகர்த்திய குழந்தைகள்தான் அதிகம் கற்றார்கள். ஆட்டம் ஒன்றே, பலகையும் ஒன்றே. வாயால் சொல்வது மட்டும்தான் வேறு.

ஐந்து குழியும் மீதி மூன்றும்

பல்லாங்குழியில் இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. குழிக்கு ஐந்து சோழி என்று வைத்தால் ஆளுக்கு 35, மொத்தம் 70. ஒரு சுற்று முடிந்ததும் யாரிடம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எண்ணி, மறுபடி குழிக்கு ஐந்தாக நிரப்ப வேண்டும். ஒருநாள் ஆச்சியிடம் 42, மகளிடம் 28. "உனக்கு எத்தனை குழி நிறையும், சொல்லு பாப்போம்" என்றார் ஆச்சி. 28-இல் ஐந்து ஐந்தாக எடுத்தால் ஐந்து குழி, மீதி மூன்று. இரண்டு குழி காலி. அடுத்த சுற்றுக்கு அந்த இரண்டும் அவளுக்குக் கிடையாது.

வகுத்தல், மீதி இரண்டையும் பள்ளிப் புத்தகம் பல பக்கங்களில் விளக்குகிறது. இங்கே மீதி என்றால் என்ன என்று யாரும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. கையில் மூன்று சோழி இருக்கிறது, ஒரு குழி நிறைய இன்னும் இரண்டு வேண்டும். "ரெண்டே ரெண்டு இருந்தா இன்னொரு குழி கிடைச்சிருக்கும்!" என்று அவள் புலம்பியதே பாடம்.

பல்லாங்குழிப் பலகை இல்லையா? பன்னிரண்டு முட்டை வைக்கிற அட்டைப்பெட்டியும் இரண்டு சின்னக் கிண்ணமும் எடுங்கள். பதினான்கு குழி ஆயிற்று. சோழிக்குப் பதில் ராஜ்மா. இங்கேயே பிறந்து வளர்ந்த பெற்றோர் பலருக்கு விதிகள் தெரியாமல் இருக்கலாம். அதுவும் நல்லதுக்குத்தான். பிள்ளையை விட்டே பாட்டியிடம் போனில் கேட்கச் சொல்லுங்கள். பாட்டிக்கும் பேத்திக்கும் 'சாப்பிட்டியா, ஸ்கூல் போனியா' தாண்டிப் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

தொண்ணூறில் ஏன் நூறு?

ஆச்சியோடு ஆடினால் தமிழில்தான் எண்ண வேண்டும். இதில் நாங்கள் எதிர்பாராத ஒரு லாபம் கிடைத்தது. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்று சொன்னால் உள்ளே பத்து இருப்பது காதில் விழாது. தர்ட்டீன் என்பதில் மூன்று முன்னால் வந்து பத்து பின்னால் போகிறது. தமிழில் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. பத்து முன்னாலேயே நிற்கிறது. இருபத்து மூன்று என்றால் இரண்டு பத்தும் மூன்றும். சீன மொழியிலும் எண்கள் இப்படி வெளிப்படையானவை. சீன, அமெரிக்கக் குழந்தைகளை ஒப்பிட்ட ஆய்வில் பத்து வரை எண்ணுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. பத்தைத் தாண்டியதும்தான் ஆங்கிலம் பேசும் குழந்தைகள் அதிகம் தடுமாறினார்கள்.

எட்டும் ஐந்தும் எவ்வளவு என்பதற்குப் பத்து வழியாகப் போகத் தெரியாமல் இருந்தாள் என்றேனே, 'பதின்மூன்று' என்ற சொல்லே அவளுக்கு அந்த வழியைக் காட்டியது. "பத்து... மூணு! விடையிலயே இருக்கும்மா!" என்றாள்.

பிறகு அவளே ஒரு கேள்வி கொண்டுவந்தாள். "எண்பது வரைக்கும் 'பது'ன்னு முடியுது. 90 மட்டும் ஏன் தொண்ணூறு? நூறே இன்னும் வரலையே?" நல்ல கேள்வி. ஒன்பதில் பத்தின் சாயல் இருக்கிறது. தொண்ணூறில் நூறு இருக்கிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரம் இருக்கிறது. ஒன்பது வரும் இடமெல்லாம் பெயர் அடுத்த படியை எட்டிப் பார்க்கிறது. தமிழ் எண்ணில் ஒரு ஒழுங்கைக் கவனித்து, அது உடைகிற இடத்தையும் ஒரு பிள்ளை கண்டுபிடிக்கிறது என்றால் அது கணக்குதான். 'மேத் பெர்சன் இல்லை' என்று சொன்ன அதே வாய்தான் கேட்டது.

நூறில் பதினைந்துதான் பாக்கி

எல்லாமே விளையாட்டில் முடிந்துவிடாது. அமெரிக்காவில் பல மாநிலங்களின் பாடத்திட்டப்படி, மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒற்றை இலக்கப் பெருக்கல் முழுவதும் நினைவில் இருக்க வேண்டும். வாய்ப்பாடு என்றால் நூறு கட்டம். பார்த்ததும் மலைப்பாகத்தான் இருக்கும். அந்த மலைப்பைக் குறைப்பதற்கே ஒரு கணக்கு போட்டோம்.

பத்துக்குப் பத்துக் கட்டத்தைக் குளிர்பெட்டியில் ஒட்டினோம். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்தாம் வாய்ப்பாடு அவளுக்குத் தெரியும். அடித்தாயிற்று. மீதி 36 கட்டம். மூன்று ஏழும் ஏழு மூன்றும் ஒன்றுதானே? இரட்டையில் ஒன்றை அடித்தால் மீதி 21. ஒன்பதுக்குக் குறுக்குவழி உண்டு: பத்து மடங்கில் ஒரு மடங்கைக் கழி. ஒன்பது ஏழு என்றால் 70-இல் 7 போக 63. அவற்றையும் அடித்தால் பாக்கி 15. நான்கு மடங்கு என்றால் இரட்டிப்பின் இரட்டிப்பு. நான்கு ஏழு என்றால் 14, பிறகு 28. அதையும் எடுத்தால் உண்மையில் மனப்பாடம் செய்ய வேண்டியவை வெறும் பத்து.

நூறு என்று பயந்தது பத்தாகிவிட்டது. வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொரு வாரமும் அந்த ஒன்றுதான் எங்கள் வீட்டின் கடவுச்சொல். குளிர்பெட்டியைத் திறக்க வேண்டுமா? "ஆறேழு?" "42!" அப்பாவும் சொல்ல வேண்டும், நான்கு வயதுத் தம்பியும் சொல்ல வேண்டும். தம்பிக்குப் பெருக்கல் என்றால் என்ன என்றே தெரியாது. ஆனால் இன்றும் ஆறேழு 42 என்பான்.

ஆச்சிக்கு எப்போது போன் போடலாம்?

ஆறு மாதம் முடிந்து அம்மா ஊருக்குத் திரும்பினார். வீடு வெறிச்சென்று ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆச்சிக்குப் போன் போடும் நேரத்தை முடிவு செய்யும் பொறுப்பை மகளிடம் கொடுத்தோம்.

கோடையில் எங்களுக்கும் இந்தியாவுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். குளிர்காலத்தில் பத்தரை. லண்டன் என்றால் நாலரை அல்லது ஐந்தரை. சிங்கப்பூர் என்றால் இரண்டரை. நாம் எங்கே இருந்தாலும் இந்திய, இலங்கை நேரத்தில் பெரும்பாலும் அந்த அரை மணி ஒட்டிக்கொண்டே வரும். கணக்குக்கு இது நல்ல சவால். மகளே ஒரு வழி கண்டுபிடித்தாள். காலை 10 என்றால் முதலில் இரவு 10 என்று திருப்பிக்கொள்வது, அதிலிருந்து இரண்டரை மணி கழிப்பது. ஆச்சி வீட்டில் மாலை 7.30. ஆச்சி பார்க்கிற சீரியல் முடிந்திருக்கும்.

நவம்பர் முதல் ஞாயிறு எங்கள் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனது. அவள் வழக்கம்போலப் பத்து மணிக்கே போட்டாள். "என்னம்மா, ஆச்சி இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். மணி எட்டரை ஆச்சே" என்றது போன். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் கழித்து, "இனிமே ரெண்டரை இல்ல, ஒண்ணரைதான் கழிக்கணும். மார்ச்ல மறுபடி மாத்திக்கணும்" என்று வந்து சொன்னாள். தப்பு நடந்தது, யாரும் சிவப்புக் கோடு போடவில்லை. இட்லிதான் கொஞ்சம் ஆறிப்போனது.

சமையலறையிலும் இதே கதைதான். எங்கள் வீட்டில் இட்லிக்கு நான்கு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. விருந்தாளி வருகிறார்கள், ஆறு கப் அரிசி ஊற வைக்க வேண்டும் என்றால் உளுந்து எவ்வளவு? அளவுக் கப்பை எடுத்து ஒன்றரை என்று அவள் அளந்து போட்டால், மறுநாள் காலை இட்லியே விடை சொல்லும்.

நமக்கே பயமாக இருந்தால்

"எனக்கும் சின்ன வயசுல மேத்னா அலர்ஜி" என்று என் கணவர் ஆறுதலுக்குச் சொல்வார். இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் வீட்டில் தடை போட்டோம். பிள்ளைக்கு அது ஆறுதல் இல்லை, 'அப்ப எனக்கும் வராது' என்பதற்கு ஆதாரம்.

2015-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரைக் கவனித்தார்கள். கணக்குப் பயம் அதிகமுள்ள பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவியபோது பிள்ளைகள் அந்த வருஷம் குறைவாகக் கற்றார்கள், பயமும் கூடியது. அதே பயமுள்ள பெற்றோர் அடிக்கடி உதவாத வீடுகளில் அந்தப் பாதிப்பு இல்லை. அப்படியானால் ஒதுங்கிவிட வேண்டுமா? தேவையில்லை. அதே வருஷம் சிகாகோ பகுதியில் 587 ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு இன்னொரு ஆய்வு நடந்தது. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஒரு செயலியில் சின்னக் கதையைப் படித்து, அதிலுள்ள கணக்குக் கேள்வியைப் பேசினார்கள். வருஷ முடிவில் அந்தப் பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். பயமுள்ள பெற்றோரின் பிள்ளைகளுக்குத்தான் பலன் அதிகம்.

ஆகவே, உங்களுக்கே கணக்கு என்றால் படபடப்பு என்றால் வீட்டுப்பாட மேஜையை விட்டு எழுந்துவிடுங்கள். தாயக் கட்டத்தின் பக்கத்தில் உட்காருங்கள். அங்கே நீங்கள் ஆசிரியர் இல்லை, எதிராளி.

சில வார்த்தைகள், அனுபவத்திலிருந்து

ஆட்டத்துக்கு நடுவே பாடம் நடத்தாதீர்கள். "இதைத்தான் வகுத்தல்னு சொல்றது" என்று ஆரம்பித்தால் பிள்ளை உடனே மோப்பம் பிடித்துவிடும். பெயர் பிறகு தானாக வரும்.

விடைக்குக் காசும் மிட்டாயும் கொடுக்கும் செயலிகளில் பிள்ளை காசைத்தான் எண்ணும். இரண்டு வாரத்தில் காசு அலுத்துவிடும், கணக்கும் அதோடு அலுத்துவிடும்.

வேண்டுமென்றே தோற்காதீர்கள். எட்டு வயதுக்கு அது தெரியும். தாயம் போன்ற ஆட்டத்தில் அதற்கு அவசியமும் இல்லை. கட்டை யாருக்கும் பாரபட்சம் பார்ப்பதில்லை.

தினமும் பத்து நிமிஷப் பயிற்சி எங்களிடமும் உண்டு. அது விளையாட்டு இல்லை, பயிற்சிதான். அப்படியே சொல்லித்தான் செய்கிறோம். பத்து நிமிஷம் ஆனதும் நடுவில் இருந்தாலும் நிறுத்திவிடுவோம்.

இவ்வளவு செய்தும் எது பெரிய எண், எது சின்ன எண் என்பதே பிள்ளைக்குத் தொடர்ந்து குழம்பினால் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். எழுத்தில் டிஸ்லெக்சியா போல எண்ணில் டிஸ்கால்குலியா என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் பொதுப்பள்ளியிடம் எழுத்து மூலமாக மதிப்பீடு கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. மதிப்பீடு நடந்தால் அதற்குக் கட்டணம் கிடையாது. நம் சமூகத்தில் இதைக் கேட்கவே கூச்சப்படுகிறோம். கூச்சப்பட்டால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

மகள் இப்போது நான்காம் வகுப்பு. கணக்குப் புலி ஆகிவிட்டாள் என்று சொன்னால் பொய். நேரம் குறிக்கும் தாளில் இன்றும் மெதுவாகத்தான் போகிறாள். ஆனால் விடை தப்பானால் தாளைத் தூர வைப்பதில்லை, எங்கே தப்பு என்று தேடுகிறாள். 'மேத் பெர்சன்' பேச்சு வந்து பல மாதம் ஆகிறது. அவள் அதை மறந்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை.

இந்த வாரம் ஒன்றே ஒன்று செய்து பாருங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிஷம், போனை எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, பிள்ளையோடு தரையில் உட்காருங்கள். தாயக்கட்டையோ, பாம்பு ஏணியோ, முட்டைப் பெட்டியும் ராஜ்மாவுமோ, எது கையில் இருக்கிறதோ அது போதும். புள்ளிகளைக் கூட்டும் வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். விடை வர நேரமானால் காத்திருங்கள். ஆட்டத்தில் யாருக்கும் அவசரம் கிடையாது.